கான் அகாடமி: வீடியோவைத் தாண்டிப் பார்க்க வேண்டிய இடம்

கான் அகாடமி என்ற இணையப் பாடத் தளத்தைச் சொன்னதும் கறுப்புத் திரையில் வண்ணப் பேனா ஓட, முகம் காட்டாத ஒரு குரல் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் நினைவுக்கு வரும். அதன் நிறுவனர் சல்மான் கான் 2006இல் யூடியூபில் ஏற்றத் தொடங்கிய பாணி அது. ஒரு வீடியோ 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று அப்போது யூடியூப் வைத்திருந்த வரம்பு பாடத்துக்கு நல்லதாகவே முடிந்தது. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் வீடியோ பார்க்கப்பட்ட 69 லட்சம் பதிவுகளை அலசியது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் தங்கும் நேரம் சுமார் 6 நிமிடத்தோடு நின்றுவிடுகிறது என்று தெரிந்தது.

ஆனாலும் இந்தத் தளத்தின் உயிர் வீடியோவில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. அதைத் தொடாமல் வெறும் பாட வீடியோவாகப் பயன்படுத்தும் பள்ளிகள் பாதிப் பயனைக் கைவிடுகின்றன.

ஒரு பயிற்சியில் பெரும்பாலும் 4 முதல் 7 கேள்விகள் வரும். 70 சதவீதம் சரியாக இருந்தால் முதல் நிலை, 50 புள்ளி. அத்தனையும் சரி என்றால் அடுத்த நிலை, 80 புள்ளி. 100 புள்ளி தரும் 'மாஸ்டர்' நிலையை மட்டும் அதே பயிற்சியைத் திரும்பத் திரும்பப் போட்டு எட்ட முடியாது. பல பாடங்கள் கலந்து வரும் யூனிட் டெஸ்ட்டிலோ, 30 கேள்விகள் உள்ள கோர்ஸ் சேலஞ்ச் போன்ற கலவைச் சோதனையிலோ அதே வகைக் கணக்கைச் சரியாகப் போட்டாக வேண்டும். அங்கே தப்பானால் ஏறிய படியிலிருந்து இறங்க வேண்டியதுதான். மிகச் சரியான ஏற்பாடு இது. தலைப்பைப் பார்த்தே வழிமுறையை ஊகித்துவிடும் பிள்ளை, கலந்து வரும்போதுதான் உண்மையில் யோசிக்கிறது. வீடியோ பார்த்ததற்கு இந்தக் கணக்கில் ஒரு புள்ளியும் கிடையாது.

1/3 + 1/4 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டி 2/7 என்று போடும் பிள்ளைகள் ஏராளம். தளம் தப்பு என்று சொல்லும். உதவிக் குறிப்பைத் திறந்தால் பகுதியை 12 ஆக்கு, 4/12 + 3/12, விடை 7/12 என்று படிப்படியாகக் காட்டும். ஆனால் குறிப்பைத் திறந்த கேள்வி தப்பாகவே கணக்கில் சேரும். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகளில் சிலர் முதல் சுற்றில் எல்லாக் குறிப்பையும் கடைசிவரை திறந்து முறையைக் காப்பியடித்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் முழு மதிப்பெண் வாங்குவார்கள். மூன்று நாள் கழித்து யூனிட் டெஸ்ட்டில் மறுபடியும் 2/7 வரும். தளம் ஆசிரியருக்குக் காட்டும் அறிக்கையில் நேரம் கூடிக்கொண்டே போய், நிலை மட்டும் நகராமல் நின்றால் இதுதான் நடக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

2/7 ஏன் தப்பு என்று அந்தப் பிள்ளையிடம் யார் பேசுவது? இங்கேதான் வீடியோவின் குறை தெரிகிறது. இயற்பியல் கல்வி ஆய்வாளர் டெரெக் முல்லர் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், இயற்பியலைத் தெளிவாக, நேராக விளக்கும் வீடியோ பார்த்த மாணவர்கள் நன்றாகப் புரிந்தது என்று சொன்னார்கள். தேர்வில் அவர்களிடம் பெரிய முன்னேற்றம் இல்லை. தவறான எண்ணத்தை எடுத்துச் சொல்லி உடைத்துக் காட்டும் வீடியோ பார்த்தவர்களுக்குக் குழப்பமாக இருந்தது, ஆனால் மதிப்பெண் ஏறியது. கான் அகாடமி வீடியோக்களில் பெரும்பாலானவை முதல் வகை. 2/7 என்ற விடையைப் பலகையில் எழுதி, '1/3ஐ விட 2/7 சின்னது, கூட்டினால் குறையுமா?' என்று கேட்க ஆசிரியர்தான் வேண்டும்.

எனவே வகுப்பில் இப்படிப் பயன்படுத்துவது நல்லது. தளத்தில் டீச்சர் அக்கவுண்ட் திறந்து வகுப்பை உருவாக்கி, அதன் குறியீட்டை மாணவர்களிடம் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சின்ன வீடியோ, ஒரு பயிற்சி, அதற்கு மேல் வேண்டாம். கணக்கு திரையில் வந்ததும் வீடியோவை நிறுத்தி நோட்டில் தானே போட்டுப் பார்த்த பிறகு தொடரச் சொல்லுங்கள். திரும்பக் கேட்க வேண்டிய இடத்துக்குப் போக, கீழே ஓடும் எழுத்து வடிவத்தில் அந்த வரியைத் தொட்டால் போதும். மறுநாள் வகுப்புக்கு முன் அறிக்கையைப் பார்த்து, ஒரே தப்பைச் செய்த நான்கைந்து பேரை ஒன்றாக உட்கார வையுங்கள். 2007இல் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற வேதியியல் ஆசிரியர்கள் விளக்கத்தை வீடியோவாக்கி வீட்டுக்கு அனுப்பியதும் இதற்காகத்தான்: வகுப்பு நேரம் பிள்ளைகளோடு உட்காரக் கிடைக்க வேண்டும் என்று. மிச்சமான நேரத்தில் அதே வீடியோவை மறுபடி ஓட்டினால் எல்லாம் வீண்.

கணக்குக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இலவசம், விளம்பரமும் இல்லை. கட்டுரை எழுதவும் ஜியோமெட்ரி நிரூபணம் எழுதிப் பழகவும் இது போதாது. பெரும்பாலான கேள்விகளில் தளத்துக்குக் கடைசி விடை மட்டும்தான் தெரியும், வந்த வழி தெரியாது. அதனால் நோட்டை வாங்கிப் பார்க்கும் வழக்கத்தை விடவே கூடாது. இன்னொன்று, அண்ணனும் தங்கையும் ஒரே போனில் படிக்கும் வீடுகளில் ஆளுக்கொரு லாகின் கட்டாயம். இல்லாவிட்டால் அண்ணன் போட்ட கணக்கு தங்கையின் நிலையாக ஏறி, ஆசிரியர் பார்க்கும் அறிக்கையே தப்பாகிவிடும்.