"லெக் கார்டு எல்லாம் எங்க பொறுப்புண்ணா"

குதிரையை வண்டியில் ஏற்றி அனுப்ப ஆள் தேடுகிறவர்கள், அட்வான்ஸ் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற்றுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். ஆள் பெயரையும் நம்பரையும் போடப் போவதில்லை. பெயரைப் போட்டால் நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள். எப்படி ஏமாந்தேன் என்பது தெரிந்தால் போதும்.

செவ்வந்தி என்னுடைய பெட்டைக் குதிரை. கத்தியவார் ஜாதி, காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி முட்டிக்கொள்ளும். நாலு வருஷத்துக்கு முன் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி சந்தையில் வாங்கியது. மூக்கனேரிப் பக்கம் சின்னதாக ஒரு லாயம் போட்டிருக்கிறேன். பங்குனி கடைசியில் சேலம் வெயில் உச்சந்தலையில் ஏற ஆரம்பித்ததும் ஏற்காடு மலையில் நாகலூரில் இருக்கும் மச்சானுடைய காப்பித் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவோம். இதுவரை குதிரைக்காரப் பெரியவர் ஒருவர் விடிவதற்குள் அடிவாரத்திலிருந்து நடத்தியே கூட்டிப் போவார். இந்த வருஷம் அவருக்கு முட்டி வலி. "வண்டியில ஏத்துறதுன்னா கூடவே நில்லுங்க தம்பி, கட்டுப் போடும்போது கண்ணை எடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். நான் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

ஒரு நண்பர் மூலமாக நம்பர் கிடைத்தது. போன் செய்தவுடன் வாட்ஸப்பில் படம் வந்தது. உள்சுவர் முழுக்க மெத்தை, தரையில் ரப்பர் விரிப்பு, நடுவில் தடுப்பு, இறங்க ஏறச் சாய்தளம். "ஸ்பெஷல் வண்டிண்ணா, ரேஸ் குதிரையே ஏத்துறோம்." வாடகை 9,000. காலுக்குக் கட்டும் கவசத்துக்குத் தனியாக 1,500. "லெக் கார்டு எல்லாம் எங்க பொறுப்புண்ணா, நீங்க குதிரையை மட்டும் கொடுங்க." 5,000 ரூபாய் அட்வான்ஸை ஜிபேயில் போட்டேன். பில் கேட்கவில்லை. பணம் போனது கம்பெனிக் கணக்குக்குக்கூட இல்லை, யாரோ ஒரு பெண் பெயரில் இருந்த கணக்குக்கு. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

காலை ஐந்தரைக்கு வந்து நின்றது ஒரு பழைய பிக்கப். தேங்காய் லோடு அடிக்கும் வண்டி. பாடியின் மூலையில் இரண்டு மட்டை இன்னும் கிடந்தது. இரும்புத் தரையில் ஈரமான வைக்கோலைத் தூவியிருந்தார்கள். மெத்தையும் இல்லை, சாய்தளமும் இல்லை. படத்தில் இருந்த வண்டி எங்கே என்றால், "அது சர்வீஸுக்குப் போயிருக்குண்ணா, இதுவும் அதே மாதிரிதான்." எது அதே மாதிரி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மலையில் மச்சான் ஆள் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான், வெயில் ஏறினால் குதிரை தவிக்கும், கொடுத்த அட்வான்ஸ் திரும்பாது. இந்த மூன்றையும் கணக்குப் போட்டுச் சரி என்றேன். இவர்கள் பிழைப்பே அந்தக் கணக்கை நம்பித்தான் நடக்கிறது.

அப்புறம் அந்த 1,500 ரூபாய் லெக் கார்டு. சிமெண்ட் சாக்கிலிருந்து நாலு சுருள் எடுத்தார்கள். மருந்துக் கடையில் சுளுக்குக்குக் கட்டும் அதே இழுவைத் துணி. புதிதும் இல்லை, வேறு ஏதோ குதிரையின் வெள்ளை மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் பஞ்சு வைக்காமல், நேராக மயிரின் மேலேயே முட்டிக்குக் கீழே ஆரம்பித்துக் கணுவுக்கு மேலே வரை இழுத்து இழுத்துச் சுற்றினான் அந்தப் பையன். கடைசியில் நாடாவைக் காலின் பின்பக்கம் கொண்டுபோய் முடிச்சுப் போட்டான். "பஞ்சு வைக்க வேண்டாமா?" என்றேன். "அதெல்லாம் ரேஸ் குதிரைக்குண்ணா." ரேஸ் குதிரையே ஏற்றுகிறோம் என்று சொன்ன அதே வாய். மேற்கொண்டு கேட்டால் குதிரை வைத்திருந்தும் இது தெரியாதா என்று நினைப்பானே என்று வாயை மூடிக்கொண்டேன். இந்த வெட்கத்துக்குத்தான் நான் கட்டிய விலை அதிகம்.

அன்று தெரியாமல் பின்னால் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். குதிரையின் முட்டிக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பு, அதன் பின்னால் விரல் தடிமனில் இறங்கும் தசைநாண்கள் (நம் ஆட்கள் நரம்பு என்பார்கள்), மேலே தோல். ஒரே இடத்தில் துணி இறுக்கினால் அழுத்தம் நேராக அந்த நாணில் போய் விழும், இடையில் தாங்க ஒன்றும் இல்லை. பஞ்சு வைப்பது சொகுசுக்கு இல்லை, அந்த அழுத்தத்தைப் பரப்புவதற்கு. இன்னொன்று, வண்டியில் போகும்போது உண்மையில் அடிபடுகிற இடம் வேறு. வண்டி ஆட்டத்தில் குதிரை தன் காலைத் தானே மிதித்துக்கொள்ளும். குளம்பும் தோலும் சேருகிற மயிர் ஓரம், பின்னால் இருக்கும் மெத்தென்ற குதிகால், பின்னங்காலின் நடு மூட்டு, இவைதான் மாட்டும். பையன் கட்டியதோ இவை எல்லாவற்றையும் திறந்துபோட்டுவிட்டு நடுக்காலை மட்டும். தலையில் அடிபடாமல் இருக்க வயிற்றுக்குத் தலைப்பாகை கட்டின கதை.

நான் பைக்கில் பின்னாலேயே போனேன். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை பரவாயில்லை. மலை ஏறியதும் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் இருபது. நின்றுகொண்டிருக்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் அது காலை அகட்டி அகட்டி ஊன்றிச் சமாளிக்க வேண்டும். ஈர வைக்கோலுக்கு அடியில் இரும்பு. லாடம் வழுக்கி 'டங்' என்று பக்கவாட்டில் இடிக்கும் சத்தம் என் ஹெல்மெட்டுக்குள் கேட்டது. ஏழாவது வளைவில் ஹாரன் அடித்துக் கையைக் காட்டினேன். டிரைவர் சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டு, நான் சைடு கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கையை ஆட்டி முன்னால் போகச் சொன்னார். நேரான இடம் வந்தால் மிதித்தார், வளைவு வந்தால் பிரேக் போட்டார். முன்பக்கம் பார்த்துக் கட்டியிருந்ததால் ஒவ்வொரு பிரேக்குக்கும் செவ்வந்தி நெஞ்சால் போய் இடித்தாள். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடம் வந்தபோதுதான் டீ குடிக்க நிறுத்தினார்கள். ஏறிப் பார்த்தேன். உடம்பெல்லாம் நுரை. இடது பின்னங்கால் கட்டு அவிழ்ந்து கொலுசு மாதிரி கணுவில் தொங்கியது. அதையே பையன் மறுபடி இழுத்துக் கட்டினான்.

நாகலூரில் இறக்கியதுதான் உச்சம். சாய்தளம் இல்லாததால் தோட்டத்து மேட்டில் வண்டியைப் பின்னால் கொண்டுபோய் ஒட்டினார்கள். ஒட்டியதாகச் சொன்னார்கள். மேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. "பலகை போடலாங்க" என்று மச்சானின் ஆள் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் தலைக்கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். இடது பின்னங்கால் அந்த இடைவெளியில் இறங்கி, பின்கதவுச் சங்கிலி நடு மூட்டில் தோலை உரித்துக்கொண்டு போனது. வலது முன்னங்குளம்பின் உள்பக்கம், மயிர் ஓரத்தில் அரை அங்குலத்துக்கு வெட்டு. அது வண்டிக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும், ரத்தம் காய்ந்திருந்தது. மற்ற கால் லாடத்தின் ஓரம் பட்டது.

"குதிரைன்னா அப்படித்தாண்ணா, ஆடும். ரெண்டு நாள்ல சரியாயிடும்." மீதிப் பணத்தைக் கொடுத்தால்தான் வண்டியை எடுப்போம் என்று வழியை மறித்து நின்றார்கள். அன்றைக்குத் தோட்டத்துக்கு உரம் ஏற்றிவந்த லாரி பின்னால் காத்திருந்தது. கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கட்டு இருந்த முன்னங்கால் இரண்டும் பின்பக்கம் வீங்கி, தொட்டால் சுட்டது. வலது காலில் அந்த நாடா முடிச்சு இருந்த இடத்தில் கடலை அளவுக்கு ஒரு குழி, அதைச் சுற்றி மேடு. சேலத்திலிருந்து எங்கள் கால்நடை டாக்டர் மத்தியானம் வந்தார். காலைத் தூக்கி மடித்து, இரண்டு விரலால் நாணை மேலிருந்து கீழே வருடிக்கொண்டே வந்தார். அந்த இடம் வந்ததும் செவ்வந்தி காலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "கட்டு இறுக்குனதுல வந்தது. ஓடி வந்ததில்ல, நின்னே வந்தது" என்றார். நாளுக்கு மூன்று தடவை இருபது நிமிஷம் பச்சைத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், ஊசி, லாயத்தை விட்டு வெளியே நடத்தக்கூடாது. வேண்டுமானால் தலைவாசல் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம் என்றார். மறுபடி வண்டியில் ஏற்றவா? மனசு வரவில்லை.

அவர்தான் 1978-ஆம் வருஷத்து விலங்குகள் போக்குவரத்து விதிகளைப் பற்றிச் சொன்னார். குதிரைக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஏற்றும் முன் கால்நடை மருத்துவர் சான்றிதழ் வேண்டும். தரை வழுக்கக்கூடாது. குதிரைகளுக்கு நடுவில் குறைந்தது 8 செ.மீ. குறுக்களவுள்ள மூங்கில், விழாமல் இருக்கப் பின்னால் உறுதியான குறுக்குக் கட்டைகள். எதிர்வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருக்கத் தலை இடதுபக்கம் பார்த்திருக்க வேண்டும். வேகம் மணிக்கு 35 கி.மீ.க்கு மேல் கூடாது. சான்றிதழ் வாங்காத குற்றம் என்னுடையது, மற்றதெல்லாம் அவர்களுடையது.

கட்டுப் போடும் விதத்தையும் டாக்டர் நல்ல காலில் போட்டுக் காட்டினார். பஞ்சு மெத்தை ஒரு விரல் தடிமனுக்குக் குறையாமல், சுருக்கமில்லாமல், கட்டுத் துணிக்கு மேலும் கீழும் கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி. துணியை உள்பக்கத்தில் ஆரம்பித்து, எலும்பின் முன்னால் கொண்டுபோய், வெளிப்பக்கமாகப் பின்னால் சுற்ற வேண்டும். அப்போது இழுவை எலும்பில் விழும், நாணில் விழாது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். எல்லாச் சுற்றும் ஒரே இழுவை. கீழே கணுவையும் தாண்டிக் குளம்பு ஓரம் வரை இறங்க வேண்டும். மேலேயும் கீழேயும் ஒரு விரல் நுழைய வேண்டும். முடிப்பது வெளிப்பக்கம், ஒருபோதும் பின்னால் இல்லை. பயணம் முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும், உள்ளே சூடு தங்கும். நான் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் அவர் தலையை ஆட்டினார். "இப்படி வராதுன்னா கட்டாமலே ஏத்துங்க. தப்பாக் கட்டுறதுக்கு வெறும் காலே மேல்."

கட்டத் தெரியாதவர்களுக்கு வெல்க்ரோ வைத்த போக்குவரத்துக் கவசம் கிடைக்கிறது, முட்டி முதல் குளம்பு வரை மூடும். அதையும் புறப்படும் அன்று முதல்முதலாக மாட்டக்கூடாது. மச்சான் சும்மா பழக்கலாம் என்று மாட்டிப் பார்த்தான். பின்னங்காலைச் செவ்வந்தி தோளுயரம் தூக்கித் தூக்கி உதறினாள், பக்கத்தில் இருந்த தீவனத் தொட்டி போயிற்று. நாலு நாள் லாயத்திலேயே போட்டு நடத்திய பிறகுதான் அமைதியானாள்.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். முதலில் "ஓனர்கிட்ட பேசுறேன்", அப்புறம் பதிலே இல்லை, அப்புறம் பிளாக். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிந்திருக்கிறேன். ஆனால் என் கையில் இருப்பது ஒரு ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்த வண்டிப் படமும்தான். அதனால் சொல்கிறேன்: வண்டியை முதல் நாளே நேரில் போய்ப் பாருங்கள், வண்டி நம்பரோடு வாடகை, கவசம் எல்லாம் எழுதி வாங்குங்கள், வந்த வண்டி வேறாக இருந்தால் அட்வான்ஸ் போனாலும் போகட்டும் என்று திருப்பி அனுப்புங்கள். எனக்கு டாக்டர், மருந்து, தினம் தண்ணீர் பீய்ச்ச ஆள் கூலி என்று இதுவரை 23,000 ஆகியிருக்கிறது.

நாண் வீக்கம் வடிந்துவிட்டது, விரல் வைத்தால் இன்னும் ஒரு சின்ன மேடு தட்டுப்படுகிறது. மயிர் ஓரத்து வெட்டுதான் தொல்லை. குளம்பு அங்கிருந்துதான் முளைக்கிறது, மாதத்துக்கு ஒரு செ.மீ.கூட முழுசாக வளராது. வெட்டுப்பட்ட இடத்தில் வளர்ந்த குளம்பில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு விழுந்திருக்கிறது. நாலு மாதத்தில் அது இரண்டு விரல் அளவு கீழே இறங்கியிருக்கிறது. லாடம் அடிக்க வருகிறவர் ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஆணி வைக்காமல் தள்ளி அடிக்கிறார்.

நண்பருடைய போனில் அந்த ஆளின் ஸ்டேட்டஸ் பார்த்தேன். அதே மெத்தை வண்டிப் படம். அந்தியூர் சந்தைக்குப் புக்கிங் ஆரம்பமாம்.