இறுவட்டா, பொதியா?

"அண்ணை, ஷெயார் ஃபோல்டருக்குள்ள ஒண்டும் இல்லை." உவர்மலைப் பெடியன் ஒருவன் மடிக்கணினியோடு வந்து நின்றான். கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினி) ஓட்டும் விஎம்வெயாருக்குள் உபுண்டு லினக்ஸ், முதல்நாள்தான் அதன் கருவான கர்னலைப் புதுப்பித்திருக்கிறான்.

வெளிக் கணினியோடு கோப்புறை, கிளிப்போர்ட் எல்லாம் பகிர, மெய்நிகர் கணினிக்குள் துணைக்கருவிகள் போடவேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, மெனுவில் அழுத்தினால் ஏறும் ஐஎஸ்ஓ இறுவட்டு (வட்டின் நகலான கோப்பு). அதிலுள்ள, கருவிகளை நிறுவும் பேர்ல் நிரல் கேள்விமேல் கேள்வி கேட்கும். நாமும் வாசிக்காமலே என்டரை அழுத்திக்கொண்டு போவோம். மற்றது, உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீட்டுக்காரர் ஆயத்தமாகக் கட்டித்தரும் ஓபன்-விஎம்-டூல்ஸ் பொதி. அதன் மூலநிரலை விஎம்வெயார் 2007இல் திறந்துவிட்டது.

பெடியன் போட்டிருந்தது இறுவட்டு. அது அன்றைய கர்னலுக்கென்று மொட்யூலை (கர்னலோடு சேரும் துண்டு நிரலை) தொகுத்து வைக்கும். கர்னல் மாறினால் மறுபடி தொகுக்க ஜிசிசி தொகுப்பியும் புதுக் கர்னலின் ஹெடர் கோப்புகளும் வேண்டும். போன் டேட்டாவில் இறக்குகிறவனுக்கு அது வீண்செலவு. எனக்குப் பெரிய குறை வேறு: அது எங்கெங்கே எதை வைத்தது என்று, பொதிகளைப் போட்டு நீக்கும் ஆப்டுக்குத் தெரியாது.

பொதிக்கு இந்தத் தலையிடி இல்லை. விஎம்எக்ஸ்நெட்3 வலையமைப்பு இயக்கி கர்னல் 2.6.32இலும், நினைவகத்தை வெளிக் கணினிக்குத் திருப்பித்தரும் பலூன் இயக்கி 2.6.34இலும் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டன. பகிர்வுக் கோப்புறைக்கு, தனி மொட்யூல் தொகுக்காமலே கோப்புறையை இணைக்கவிடும் ஃபியூஸ் போதும். ஆகவே பொதி கட்டுகிறவருக்கு மிஞ்சும் முக்கிய வேலை, எதை எதோடு சேர்ப்பது என்பதுதான். டெபியன் இதைக் கச்சிதமாகச் செய்திருக்கிறது: திரை, கிளிப்போர்ட் சம்பந்தப்பட்டதெல்லாம் '-டெஸ்க்டொப்' என்ற தனிப்பொதியில். திரையே இல்லாத சேர்வருக்குள் சாளரங்கள் வரையும் ஜிடிகே நூலகங்கள் வந்து குந்தாது.

விஎம்வெயார் போன்ற இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பொக்ஸில் நான் இவ்வளவு அடித்துச் சொல்லமாட்டேன். அதன் விபொக்ஸ்கெஸ்ட் இயக்கி 4.16இலும் பகிர்வுக் கோப்புறை இயக்கி 5.6இலும் கர்னலுக்குள் நுழைந்தன. ஆனாலும் பொதியின் பதிப்பு வெளிக் கணினியில் ஓடும் பதிப்புக்குப் பின்னால் நிற்கலாம். அப்போது இறுவட்டுத்தான். சரி, போடுங்கள், பொதியையும் மேலே ஏற்றிக் குழப்பாதீர்கள்.

அதே வகையான கியூஈமுவில் லினக்ஸ் ஓட்டுவோருக்கு இந்தச் சண்டையே இல்லை, கியூஈமு-கெஸ்ட்-ஏஜென்ட் பொதிதான். வெளிக் கணினியின் அமைப்பில், இரண்டும் பேசிக்கொள்ளும் வேர்ட்டியோ சீரியல் சானலைச் சேர்க்க மறந்தால் மட்டும் அது சும்மா கிடக்கும்.

பழைய கருவிகளை அவற்றின் நீக்கும் நிரலாலேயே கழற்றிவிட்டு, ஆப்டில் பொதியைப் போட்டேன். பெடியன் பிளேன்ரீ குடித்து முடிக்க முதல் கோப்புறை நிறைந்திருந்தது.