பழைய ஷாட்கன் பத்தி புக்கு சேர்க்கணும்னா கிரீனர்ல ஆரம்பிங்க, ஆனா எந்த காப்பின்னு பாத்து வாங்குங்க

எங்க வீட்ல தாத்தா காலத்து டபுள் பேரல் ஒண்ணு இருக்கு, ட்வெல்வ் போர் (குழல் துளையோட அளவு), எல்லாரும் அதை லண்டன் துப்பாக்கின்னுதான் சொல்லுவாங்க. எலெக்‌ஷன் வந்தா அப்பா அதை பழைய வேட்டியில சுத்தி ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிட்டு வருவார், முடிஞ்சதும் போய் எடுத்துட்டு வருவார். லைசென்ஸ் என் பேருக்கு மாறினப்புறம்தான் இது உண்மையில என்ன துப்பாக்கின்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை வந்துச்சு, அங்க ஆரம்பிச்சது இப்ப ஒரு முழு அலமாரி புக்கா நிக்குது. 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான், அதனால துப்பாக்கியா சேர்க்க வழியில்ல, என் ஆசையெல்லாம் புக்குலதான் போகுது.

அதுல முதல்ல வாங்க வேண்டியது டபிள்யூ.டபிள்யூ. கிரீனரோட ‘தி கன் அண்ட் இட்ஸ் டெவலப்மென்ட்’. 1881ல முதல் பதிப்பு, 1910ல ஒன்பதாவது, வாங்கினா அந்த ஒன்பதாவதையே வாங்குங்க. இவர் வெளிய நின்னு வேடிக்கை பாத்து எழுதினவர் இல்ல, பர்மிங்காம்ல துப்பாக்கி செஞ்சு வித்தவர். அவங்க அப்பா வில்லியம் கிரீனரும் பெரிய கைகாரர், ஆனா குழல் வாய் வழியா மருந்து இடிக்கிற துப்பாக்கிதான் துப்பாக்கின்னு பிடிவாதமா இருந்தார், மகன் பின்னாடி திறந்து தோட்டா போடறதுதான் இனிமேன்னு சொல்லி தனியா கடை போட்டுட்டார். அந்த வேகம் புக்கு முழுக்க இருக்கு.

எனக்கு ரொம்ப பிடிச்சது டமாஸ்கஸ் குழல் செய்யற பகுதி. இரும்புப் பட்டையும் எஃகுப் பட்டையும் மாத்தி மாத்தி அடுக்கி, காய்ச்சி ஒண்ணா சேத்து கம்பியா இழுத்து, அந்த கம்பியை கயிறு முறுக்கற மாதிரி முறுக்கி, முறுக்கின கம்பி ரெண்டு மூணை பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே நாடாவா பத்த வச்சு, அந்த நாடாவை ஒரு உருளை மேல சுத்தி சுத்தி சுத்தியலால அடிச்சு குழலாக்கறாங்க. படிச்ச அன்னிக்கே ஓடிப்போய் எங்க துப்பாக்கியோட முன்கட்டையை கழட்டினேன். வெளிய முழுக்க யாரோ எப்பவோ கறுப்பு பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க, கட்டைக்கு அடியில மட்டும் பெயிண்ட் படல, அங்க மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால துடைச்சா சிக்குக்கோலம் வரிசையா போட்ட மாதிரி சின்னச் சின்ன சுருள். எனக்கு கை நடுங்கிடுச்சு. தாத்தா காலத்துல இருந்து வீட்ல இருக்கற சாமான், யாரும் பாத்ததே இல்ல.

இப்ப காப்பி விஷயம். நான் முதல்ல ஆன்லைன்ல வாங்கினது ஸ்கேன் பண்ணி ஆர்டருக்கு அடிச்சுக் கொடுக்கற ரீபிரிண்ட், தயவுசெஞ்சு அதை வாங்காதீங்க. எழுத்தாவது படிக்கலாம், படம் எல்லாம் மை கொட்டின மாதிரி, குழலை சுட்டு சோதிச்சதுக்கு அடையாளமா அடிக்கற புரூஃப் முத்திரை படம் வர்ற பக்கத்துல கிரீடம் எது செங்கோல் எதுன்னே தெரியல. இந்த புக்குக்கு படம்தான் உயிர், அது போச்சுன்னா காசு தண்டம். அதுக்கு பதிலா இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஸ்கேன் இலவசமாவே இருக்கு, பெருசு பண்ணி பாத்துக்கலாம். கையில புக்கா வேணும்னா பழைய அச்சு செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க, அட்டை கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, வாங்கறதுக்கு முன்னாடி புரூஃப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. என் ரெண்டாவது காப்பி அப்படி வந்ததுதான்.

கூடவே வைக்க வேண்டியது அந்த சோதனையை நடத்தற லண்டன், பர்மிங்காம் ரெண்டு புரூஃப் ஹவுஸும் சேர்ந்து போட்ட முத்திரை பத்தின சின்ன புக்லெட். இது ரெண்டையும் லென்ஸையும் வச்சுகிட்டு குழலோட அடிப்பக்கத்தை பாத்தேன். கிரீடத்துக்குக் கீழ ரெண்டு செங்கோல் குறுக்க, அதுல பி.பி.சி.ன்னு எழுத்து, அப்ப இது லண்டன் இல்ல, பர்மிங்காம், 1904க்கு முந்தினது. பக்கத்துல ‘நாட் ஃபார் பால்’, அதாவது குழல் முனை சோக் போட்டு குறுகலா இருக்கு, ரவைதான் போடணும், ஒத்தை குண்டு போடக் கூடாதுன்னு அர்த்தம். அந்த முத்திரை 1875ல இருந்து 1887 வரைக்கும்தான், அப்புறம் ‘சோக்’னு மாத்திட்டாங்க. ஆக எங்க தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடியே செஞ்ச துப்பாக்கி.

இதைவிட முக்கியமானது இல்லாத முத்திரை. இப்பத்திய தோட்டாவுல இருக்கற புகையில்லா மருந்துக்கு சோதிச்சதுக்கான என்.பி. முத்திரை எங்கயும் இல்ல, அதாவது இது பழைய கருமருந்துக்கு மட்டும் சோதிச்ச குழல். அதோட அந்தக் கால இங்கிலீஷ் ட்வெல்வ் போர்ல தோட்டா அறை பெரும்பாலும் ரெண்டரை இஞ்ச், இப்ப கிடைக்கற 70 மில்லிமீட்டர் தோட்டா முனை மடிச்சிருக்கறதால அதுல சுகமா உள்ள போயிடும், ஆனா 70ங்கறது சுட்டு மடிப்பு விரிஞ்சப்புறம் இருக்கற நீளம், விரிய இடம் இல்லாம ப்ரெஷர் ஏறிடும். உள்ள போகுதேன்னு சுடறவங்க நிறைய பேர், நாங்களும் பொங்கலுக்கு சுட்டிருக்கோம். அன்னியோட நிறுத்தியாச்சு.

கிரீனர்கிட்ட ஒரு குறை, தன் சரக்கை தானே தூக்கிப் பேசுவார். மூடின குழலைப் பூட்டிப் பிடிக்கற அவரோட குறுக்கு போல்ட்டு இல்லாத துப்பாக்கி எல்லாம் ஏதோ குறைப்பிரசவம் மாதிரி எழுதியிருப்பார். 1875ல ஆன்சன், டீலி ரெண்டு பேரும் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் துப்பாக்கி கம்பெனிக்காக கண்டுபிடிச்ச பாக்ஸ்லாக்குங்கற சுடற பொறிதான் அதுக்கப்புறம் வந்த பாதி துப்பாக்கிக்கு மூலம், அதுக்குப் போட்டியா இவர் 1880ல ஒண்ணு கொண்டுவந்து அது கேஸாகி ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போய் ஜெயிச்சவர், அதனால எதிராளியைப் பத்தி இவர் சொல்றதை அப்படியே எடுத்துக்க முடியாது. அதுக்குத்தான் ரெண்டாவதா மேஜர் பர்ரார்ட் எழுதின ‘தி மாடர்ன் ஷாட்கன்’, மூணு வால்யூம், 1930கள் ஆரம்பத்துல வந்தது. அவருக்கு விக்க கடை இல்ல, நிதானமா எழுதறார். முதல் வால்யூம் துப்பாக்கி, ரெண்டாவது தோட்டா, மூணாவது ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகுதுன்னு. ஒண்ணுதான் வாங்க முடியும்னா ரெண்டாவதை வாங்குங்க.

அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு கதை வேற, அங்க பார்க்கர், எல்.சி. ஸ்மித், ஃபாக்ஸ்னு ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி புக்கு இருக்கு, சீரியல் நம்பரை வச்சே வருஷம் சொல்லிடலாம். ஆனா அங்கயும் முத்திரை படிக்கத் தெரியணும், ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’னு பேர் வெட்டி பெல்ஜியத்துல இருந்து வந்த மலிவு துப்பாக்கி எத்தனையோ, பேரைப் பாத்தா வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ்னு தோணும், குழலுக்கு அடியில ஓவலுக்குள்ள ஈ.எல்.ஜி.ன்னு இருந்தா லியேஜ் ஊர் சோதனை. நம்ம நாட்டுலயும் பேரை நம்பக் கூடாது, ஆனா வேற காரணத்துக்காக, கல்கத்தா ரோடா, மான்டன்னு மேல இருந்தா அது பெரும்பாலும் வித்த கடை பேரு, செஞ்சவன் பர்மிங்காம்ல வேற எவனோ. (அந்த ரோடாவுக்கு வந்த 50 மவுசர் பிஸ்டலைத்தான் 1914ல வங்காளப் புரட்சிக்காரங்க தூக்கிட்டுப் போனாங்க.)

எங்க துப்பாக்கியிலயும் ரெண்டு குழலுக்கு நடுவுல ஒரு பேரு வெட்டியிருக்கு, கை பட்டுப் பட்டு தேஞ்சு கடைசியில ‘அண்ட் கோ’ மட்டும்தான் தெரியுது. 1880கள்ல பர்மிங்காம்ல கடை வச்சிருந்தவங்க பேரும் விலாசமும் இருக்கற டைரக்டரி ஒண்ணு தேடிட்டிருக்கேன், யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, அந்தப் பக்கத்தோட போட்டோ அனுப்பினா கூட போதும்.