அலுவலகச் சுவரில் தாமிரபரணி: வரைந்து கொடுத்தவர்களைப் பற்றி

பாளையங்கோட்டையில் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தின் முன்அறைச் சுவருக்கு ஓவியம் வரைய ஒரு சின்னக் குழுவை அமர்த்தினோம். 18 அடி நீளம், 8 அடி உயரம். சதுர அடிக்கு 240 ரூபாய், பெயின்ட் அவர்களுடையது. கொடுத்த காசுக்கு மேலேயே செய்திருக்கிறார்கள்.

முதலில் காட்டிய மாதிரியில் அன்னமும் தாமரையும்தான் இருந்தன. நம்ம ஆற்றில் இருப்பதைப் போடலாமே என்று கேட்டேன். முகம் சுளிக்கவில்லை. விடியற்காலையில் குறுக்குத்துறைப் பக்கம் போய் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை எல்லாம் நோட்டில் வரைந்து வந்தார்கள்.

அந்த உழைப்பு சுவரில் தெரிகிறது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்றபடி கீழே பார்க்கிறது. ஆணுக்கு மார்பில் இரண்டு கருப்புப் பட்டை, பெண்ணுக்கு நடுவில் விட்டுப்போன ஒரே பட்டை. ஜோடியாக வரைந்து அதையும் சரியாகக் காட்டியிருக்கிறார்கள். பாம்புத்தாராவுக்குக் கழுத்து மட்டும்தான் வெளியே. சுவரில் இறங்கும் வயர் குழாயைக்கூட விடவில்லை, அதைக் கோரைத் தண்டாக மாற்றிவிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நீர்நாய்க் கூட்டம். ஈர ரோமம் உடம்போடு ஒட்டி, வால் நுனி தட்டையாக, ஒன்று மீனைக் கடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து கணக்கு விஷயமாக வந்த பெரியவர் ஒருவர் பார்த்ததுமே, "அண்ணாச்சி, நீர்நாய்லா இது! எங்க வலையைக் கிழிக்கது இதுதான்" என்றார். டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அதுவரை அந்த அறையில் ஜிஎஸ்டியைத் தவிர வேறு பேச்சைக் கேட்டதில்லை.

குறையும் உண்டு. மீன்கள் எல்லாம் ஒரே அச்சு, கெண்டையா கெளுத்தியா என்று சொல்ல முடியாது. பறவைகளுக்குக் காட்டிய அக்கறையை மீனுக்குக் காட்டவில்லை. கடைசியில் பூசிய பளபள வார்னிஷில் டியூப்லைட் அடித்து, வலது ஓரத்தில் நாரையே தெரியவில்லை. சொன்னதும் வந்து மேட் கோட்டிங் பூசிச் சரிசெய்தார்கள், தனிக் காசு கேட்கவில்லை. நீங்கள் வரையச் சொல்வதானால் மேட் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், சுவரில் ஈரக்கசிவு இருந்தால் அதை முதலில் சரிபாருங்கள்.

அடுத்து உள்அறைச் சுவர். புன்னைக்காயல் முகத்துவாரம் வரை ஆற்றைக் கொண்டுபோகச் சொல்லி, அதே குழுவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. இந்தத் தடவை மீனுக்கும் நோட்டோடு போகச் சொல்லியிருக்கிறேன்.