கொள்ளுத்தாத்தாவின் அப்பா யார்? கப்பல் பட்டியலும் மரபணுச் சோதனையும்

என் கொள்ளுத்தாத்தா 1880களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். ஐந்தாண்டு ஒப்பந்தம், அதற்கு மேலும் ஐந்தாண்டு என்று பத்தாண்டு இருந்தால் இலவசமாகத் திரும்பி வரலாம். அப்படித்தான் மனைவி, கைக்குழந்தையோடு வந்தார். வந்தவர் சொந்த ஊருக்குப் போகாமல் சென்னையிலேயே தங்கிவிட்டார். ஏன் போகவில்லை என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு கதை உண்டு. அவருடைய அப்பா பெயர்தான் யாருக்கும் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குடியேற்றத் துறை எழுதிவைத்த கப்பல் பட்டியல். மற்றொன்று, குழாயில் எச்சிலைச் சேகரித்து அனுப்பும் மரபணுச் சோதனை. இரண்டையும் செய்தேன். பட்டியல் பக்கம்தான் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மரபணுச் சோதனையில் அலைச்சல் இல்லை, ஆனால் கைக்கு வருவது பெயரும் இல்லை. உறவினராக இருக்கக்கூடியவர்களின் நீண்ட வரிசை. கொள்ளுத்தாத்தாவின் அப்பாவிடமிருந்து நமக்கு வந்திருப்பது சராசரியாக 6.25 சதவீதம். அதே துண்டைச் சுமக்கும் இன்னொருவரும் சோதனை செய்திருந்தால்தான் பயன். ஊரிலேயே இருந்துவிட்ட பங்காளிகளில் யார் செய்திருக்கிறார்கள்? எனக்குப் பொருந்தி வந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே கடல் கடந்தவர்களின் வாரிசுகள். அவர்களும் இதே கேள்வியோடு நிற்பவர்கள். போதாக்குறைக்கு, பல தலைமுறைகளாக அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டிவந்த குடும்பங்களில் பொதுவான மரபணு அளவு கூடுதலாகத் தெரியும். நெருங்கிய உறவு என்று கணினி காட்டுபவர் அதைவிட எவ்வளவோ தூரத்து உறவாக இருப்பார்.

தந்தை வழியை மட்டும் காட்டும் ஒய் குரோமோசோம் சோதனையும் இருக்கிறது. ஐரோப்பியர்களுக்கு அது கைகொடுக்கிறது; ஏனென்றால், குடும்பப் பெயரும் அந்தக் குரோமோசோமும் அங்கே அப்பாவிடமிருந்து மகனுக்குச் சேர்ந்தே இறங்குகின்றன. நம் இனிஷியல் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை. அந்தச் சோதனையை நான் செய்து பார்க்கவில்லை. அதனால் இதைப் படித்தறிந்த கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பட்டியல். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு வரிசை எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று ஓர் ஆளுக்கு ஒரு வரி. இந்தப் பட்டியல்களைத் தென்னாப்பிரிக்காவில் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்; வீட்டில் உட்கார்ந்தே தேடலாம்.

தகப்பன் பெயருக்கே ஒரு கட்டம் இருக்கும்போது வேலை முடிந்ததென்று தோன்றும். முனுசாமி, தகப்பன் பெயர் கோவிந்தன் என்று தேடிப் பாருங்கள், புரியும். வட ஆற்காட்டில் மட்டும் எத்தனை முனுசாமிகள்! எங்கள் ஆளுக்கும் இதே கதிதான்: பெயரும் வயதும் ஜில்லாவும் ஒத்துப்போகும் இருவர், இரண்டு கப்பல்களில், இரண்டு வெவ்வேறு தகப்பன்மார்களோடு. வீட்டுக் கதைகளை வைத்து யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

முடிவு செய்தது அந்த வரிசை எண். நேட்டாலில் ஒப்பந்தக் கூலியின் எண் கப்பலோடு நின்றுவிடவில்லை. திருமணப் பதிவிலும், குழந்தையின் பிறப்புப் பதிவிலும், பிற்பாடு அதிகாரிகளுக்குப் போட்ட மனுக்களிலும் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் வரும். பெயரை எழுத்தர் எப்படி வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். மூன்சாமி என்றும் முனிசாமி என்றும் ஒரே ஆள் இரண்டு தாள்களில் இருப்பார். அவருடைய பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகிவிடுவதும் உண்டு. எண் மாறாது. என் தாத்தா அங்கே பிறந்தவர் என்பதால் அவருடைய பிறப்புப் பதிவைத் தேடினேன். அதில் தகப்பன் பெயருக்கு அருகில் இருந்த எண், இருவரில் ஒருவரை ஒரே அடியில் நீக்கிவிட்டது. ஆகவே யார் கேட்டாலும் நான் சொல்வது: பெயரைத் துரத்தாதீர்கள், எண்ணைத் துரத்துங்கள். பிள்ளைகளின் தாள்களில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள்.

எண் கிடைத்தபின் அந்த ஒரு வரியோடு நின்றுவிடக் கூடாது. மேலும் கீழும் உள்ள வரிகளைப் படிக்க வேண்டும். கொள்ளுத்தாத்தாவுக்கு அடுத்த எண்ணில் பதினேழு வயதுப் பையன் ஒருவன்: அதே தகப்பன் பெயர், அதே தாலுகா, அதே கிராமம். தம்பியாகத்தான் இருக்க வேண்டும். ஆள்பிடிக்கும் தரகர் சொல்லிக்கொடுத்த பொய்ப் பெயரோ என்ற சந்தேகம் அதற்குப் பிறகுதான் எனக்குக் குறைந்தது. இந்த மாதிரிப் பக்கத்து வரியை எந்த மரபணு நிறுவனமும் தராது. ஊர்ப் பெயரை மட்டும் உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும். 'வாண்டிவாஷ்' என்று இருந்தால் அது நம் வந்தவாசி. சின்ன கிராமங்களின் பெயர்கள் இதைவிட மோசமாகச் சிதைந்திருக்கும்.

பராமரிப்பு விஷயத்திலும் தாளுக்கே என் மதிப்பெண். மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியபோது, கொடுத்த மரபணுத் தகவல் யார் கைக்குப் போகுமோ என்று வாடிக்கையாளர்கள் கவலைப்பட வேண்டியிருந்தது. 1880களின் பதிவேட்டுக்கு அந்தப் பயம் இல்லை.

நான் சொன்னதெல்லாம் நேட்டாலுக்குப் பொருந்தும். மொரீசியஸ் போனவர்களின் ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. புகைப்படங்கள்கூட உண்டு என்பதால் பொறாமையாக இருக்கிறது. ஆனால் அவற்றோடு எனக்குப் பழக்கமில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு வரி கிடைக்கும் என்று எண்ணி இறங்க வேண்டாம். அங்கே கங்காணி முறையில், அதாவது ஆள் திரட்டிவரும் மேஸ்திரியோடு, கூட்டமாகப் போனவர்களே அதிகம்.

பட்டியல் கைவிடும் இடமும் உண்டு. தாயின் பெயருக்கு அதில் கட்டமே கிடையாது. பொய்ப் பெயர் கொடுத்து வீட்டை விட்டு ஓடியவர்களுக்கும் அது பெரிதாக உதவாது. மரபணுக் கணக்கை நான் மூடாமல் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. அந்தத் தம்பி திரும்பி வந்ததற்கான பதிவு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. நேட்டாலிலேயே தங்கியிருந்தால் அவருடைய கொள்ளுப்பேரர்கள் அங்கே இருப்பார்கள். அந்த அளவு உறவில் பத்தில் ஒன்பது பேருக்குச் சோதனையில் பொருத்தம் தெரியும். அவர்களில் ஒருவர் குழாயில் துப்பினால், இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானா என்பதைச் சரிபார்த்துவிடலாம்.