மேடை ஏறாத நாளுக்கு என்ன செலவு? மூன்று ராக் குழுக்களின் வரவு செலவு

ராக் இசைக்குழு ஒன்று ஊர் ஊராகப் போய்ப் பாடிச் சம்பாதிக்க மூன்று வழிகள் உண்டு. இருக்கிற ஆட்களோடு வேனில் ஏறி மலிவான டிக்கெட்டில் பாடலாம். வாத்தியக்காரர்களைச் சம்பளத்துக்கும் விளக்குகளை வாடகைக்கும் அமர்த்திக்கொண்டு, நடுத்தர அரங்குகளில் கொஞ்சம் பெரிதாகவே செய்து காட்டலாம். மூன்றாவது ஸ்டேடியம். இவற்றுக்கு வாஷிங்டனின் ஃபுகாஸி, கலிஃபோர்னியாவின் பாம்பிள்மூஸ், அயர்லாந்தின் யூ2 ஆகிய மூன்று குழுக்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றின் பணக் கணக்கும் ஓரளவாவது வெளியே தெரிந்தது.

வழக்கமாக டிக்கெட் விலையை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது வேறொன்று. குழு மேடை ஏறாத நாளில் எவ்வளவு பணம் கரைகிறது? பயணம் லாபமா நஷ்டமா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு தொகைதான் முடிவு செய்கிறது.

பாம்பிள்மூஸ்: நடுவில் நின்றவர்களின் கணக்கு

ஜாக் காண்ட்டே, நட்டாலி டான் என்ற இருவரின் குழு இது. யூடியூபில் பெயர் எடுத்தவர்கள். 2014-இல் அமெரிக்காவில் 28 நாட்களில் 24 கச்சேரிகள் செய்துவிட்டு, காண்ட்டே வரவு செலவை அப்படியே பொதுவில் வைத்தார். இசை உலகில் இத்தகைய வெளிப்படை அபூர்வம். அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வரவு 1,35,983 டாலர். இதில் டிக்கெட் மூலம் வந்தது 97,519. டி-ஷர்ட் போன்ற பொருள்களை விற்றதில் 29,714. கணினி நிறுவனமான லெனோவோவின் விளம்பர ஆதரவாக 8,750. செலவு 1,47,802 டாலர். அரங்குகள் நிறைந்த பயணத்தின் முடிவில் 11,819 டாலர் நஷ்டம்.

செலவைப் பிரித்துப் பார்த்தால் ஆடம்பரம் எதுவும் கண்ணில் படுவதில்லை. இரவுக்கு நான்கு அறைகள், அறைக்கு இருவர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 20 டாலர் தினப்படி. அறைக்கும் சாப்பாட்டுக்கும் 17,589 ஆனது. பெட்ரோல், விமானம், சுங்கம், வண்டி நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்த்து 11,816. காப்பீடு 5,445. பொருள்கள் தயாரிக்கவும் விளம்பரத்துக்கும் அனுப்பும் செலவுக்கும் 21,945. மீதிப் பெருந்தொகைகள் மூன்று: சம்பளமும் தினப்படியும் 48,094, விளக்கு, வேன், டிரெய்லர், கருவி வாடகை முதலியவை 26,450, கமிஷன் 16,463.

கச்சேரி ஒன்றுக்குச் சராசரியாக 5,666 டாலர் வந்திருக்கிறது, 6,158 டாலர் போயிருக்கிறது. இடைவெளி ஐந்நூறு டாலர்கூட இல்லை. அவ்வளவு சிறிய பள்ளத்தில் விழுந்ததற்குக் காரணம், சம்பளமும் அறை வாடகையும் கச்சேரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுபவை என்பதே. 28 நாட்களில் நான்கு நாள் பாடவில்லை. புறப்படும் முன் ஒரு வாரம் ஒத்திகை. அந்த நாட்களிலும் அத்தனை பேருக்கும் தங்க இடமும் சாப்பாடும் வேண்டும்.

இந்தக் கணக்கு வெளிவந்தபோது சக இசைக்கலைஞர்கள் பலர், இத்தனை ஆட்களும் விளக்குகளும் எதற்கு என்று கடிந்துகொண்டார்கள். காண்ட்டேயின் பதில், அடுத்த கட்டத்துக்கான முதலீடு இது என்பது. நல்ல காட்சியைக் கண்டவர்கள் அடுத்த முறை நண்பர்களோடு வருவார்கள் என்ற நம்பிக்கை. நான் கடிந்துகொண்டவர்கள் பக்கம் நிற்கிறேன். வாடகைக் கருவிகளுக்கான அந்த 26,450 டாலரைப் பாதியாகக் குறைத்திருந்தால், மற்றது எதையும் தொடாமலே 1,406 டாலர் கையில் நின்றிருக்கும். ஆட்களின் சம்பளத்தில் கைவைக்கவே தேவையில்லை. உழைத்தவர்களுக்கு ஒழுங்காகக் கொடுத்தது இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த வரி.

ஃபுகாஸி: ஐந்து டாலர் எப்படிக் கட்டுபடியானது?

1987 முதல் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். டிக்கெட் பெரும்பாலும் ஐந்து டாலர். எந்த வயதினரும் வரலாம் என்பது கட்டாய நிபந்தனை. மது விற்கும் அரங்குகள் பலவற்றில் சிறுவர்களை விடமாட்டார்கள். ஆகவே தேவாலயக் கூடம், பள்ளி உடற்பயிற்சிக் கூடம், சமூகக் கூடம் என்று தேடிப் போனார்கள். கொள்கைக்காக எடுத்த முடிவு கூடத்தின் வாடகையையும் இறக்கியது.

குழுவுக்கு மேலாளர் கிடையாது. பாடகர் இயன் மெக்கேயே தொலைபேசியில் பேசிக் கச்சேரிகளை ஏற்பாடு செய்தார். இசைத்தட்டு வெளியிட்டதும் அவர் பங்காளியாக இருந்த டிஸ்கார்ட் நிறுவனம்தான். இதன் பண மதிப்பைக் குறைத்து எடைபோடக் கூடாது. இந்தத் தொழிலில் கச்சேரிகளைப் பிடித்துத் தரும் ஏஜென்ட் பத்து சதவீதமும் மேலாளர் பதினைந்து முதல் இருபது சதவீதமும் எடுப்பது வழக்கம். அதுவும் லாபத்தில் அல்ல, பெரும்பாலும் மொத்த வரவில். குழு நஷ்டத்தோடு வீடு திரும்பினாலும் கமிஷன் போய்விடும். பாம்பிள்மூஸின் 16,463 டாலர் கமிஷன் அவர்களுடைய நஷ்டத்தைவிடப் பெரியது. ஃபுகாஸியின் கணக்கில் அந்த வரியே இல்லை.

ஆயிரம் பேர் வந்தால் ஐந்தாயிரம் டாலர் வசூல். கூடத்துக்கும் ஏற்பாட்டாளருக்கும் போக மீதம் குழுவுக்கு. நாலு பேர் குழு, உடன் ஒலிப் பொறியாளரும் உதவிக்கு ஓரிருவரும். பாடாத நாளில் அவர்களுடைய செலவு பெட்ரோலும் சாப்பாடும் படுக்க இடமும்தான். அதனால்தான் விலையை ஏற்றாமலே பதினைந்து வருடம் தாக்குப்பிடித்தார்கள்.

கூட்டத்தில் அடிதடி செய்பவனை மெக்கே மேடையிலிருந்தே கண்டிப்பார். கேட்காவிட்டால் ஓர் உறைக்குள் ஐந்து டாலர் நோட்டைப் போட்டுக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். இதற்கென்றே உறைகள் தயாராக இருக்கும். டிக்கெட் நாற்பது டாலராக இருந்திருந்தால் இப்படித் திருப்பிக் கொடுக்க எந்தக் குழுவுக்கும் மனம் வராது. தன் கச்சேரியின் ஒழுங்கைத் தானே தீர்மானிக்கும் உரிமையையும் அந்த மலிவு விலைதான் அவர்களுக்கு வாங்கித் தந்தது.

ஒன்றில் மட்டும் இவர்களைப் பின்பற்றச் சொல்லமாட்டேன். அவர்கள் டி-ஷர்ட் விற்கவே மறுத்தார்கள். அன்று இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன, அந்தப் பணம் பின்னால் இருந்தது. இன்று பாட்டை இணையத்தில் கேட்கிறார்கள், நடுத்தரக் குழுவுக்கு அதில் வருவது சொற்பம். பாம்பிள்மூஸின் வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பொருள் விற்பனையில் வந்தது. அதை விடுவது தற்கொலை. அரங்குகள் அதிலும் பங்கு கேட்பதுதான் கொடுமை. தன் பணத்தில் அச்சடித்து, தன் ஆளை நிறுத்தி விற்கும் சட்டையில் கால்வாசி, சில இடங்களில் அதற்கும் மேல் வாங்கிக்கொள்வார்கள். 2023-இல் கச்சேரிகள் நடத்தும் பெரிய நிறுவனமான லைவ் நேஷன் தன் சிறிய அரங்குகளில் இந்தப் பங்கை எடுக்காமல், குழுக்களுக்குப் பயணச் செலவாக 1,500 டாலரும் தருவதாக அறிவித்தது. அது எல்லா அரங்குகளிலும் வழக்கமாக மாற வேண்டும்.

யூ2: தினம் ஏழரை லட்சம்

2009 ஜூன் 30-இல் பார்சலோனாவில் தொடங்கி 2011 ஜூலை 30-இல் கனடாவின் மாங்டனில் முடிந்தது யூ2-வின் 360 டிகிரி பயணம். 110 கச்சேரிகள், சுமார் 73.6 கோடி டாலர் வசூல். அன்றைக்கு அது உலகச் சாதனை. மைதானத்தின் நடுவே மேடைக்கு மேல் ஐம்பது மீட்டர் உயரமான நான்கு கால் எஃகுக் கூடு. சுற்றிலும் ஆட்களை உட்காரவைக்கலாம் என்பதால் டிக்கெட்டுகள் கூடின. அடிமட்ட டிக்கெட்டை 30 டாலருக்குக் கொடுக்கவும் முடிந்தது.

ஆனால் அந்தக் கூட்டைப் பூட்டிக் கழற்றப் பல நாட்கள் ஆகும். ஓர் ஊரில் பாடும்போதே அடுத்த ஊர்களில் எழும்ப வேண்டும் என்பதற்காக மூன்று கூடுகள் செய்தார்கள். பாடினாலும் பாடாவிட்டாலும் நாளொன்றுக்கு ஏழரை லட்சம் டாலர் செலவு என்று குழுவின் தரப்பிலேயே சொன்னார்கள். 2010 மே மாதம் பாடகர் போனோவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து, வட அமெரிக்கப் பயணம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. அதைத் தாங்கும் பணமும் காப்பீடும் கூட்டாளி நிறுவனமும் அவர்களிடம் இருந்தன. வேறு எத்தனை குழுக்களிடம் இருக்கும்?

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஸ்டேடியம் என்பது தேர்வே அல்ல. பல வருடப் புகழ் இருப்பவர்களுக்கு அது தானாக அமைகிறது. உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான்.

இடைநிலைக் குழுக்களின் நிலைமை பாம்பிள்மூஸ் காலத்தைவிட மோசமாகியிருக்கிறது. 2022-இல் அனிமல் கலெக்டிவ் என்ற பெயர் பெற்ற அமெரிக்கக் குழு, விலைவாசியையும் போக்குவரத்துச் செலவையும் காரணம் காட்டி ஐரோப்பியப் பயணத்தையே ரத்து செய்தது. இருபது வருடமாக மேடை ஏறியவர்களுக்கே அந்தக் கதி.

ஐந்நூறு முதல் ஆயிரம் பேர் வரும் குழு என்றால் என் தேர்வு ஃபுகாஸியின் வண்டியும் பாம்பிள்மூஸின் விற்பனை மேசையும். விலை ஐந்து டாலராக இருக்க வேண்டியதில்லை, 1990-இன் ஐந்து டாலர் இன்று ஏறத்தாழ பன்னிரண்டுக்குச் சமம். இருபது வைத்தாலும் இளைஞர்கள் வருவார்கள். விளக்குகளை அரங்கில் இருப்பதை வைத்தே சமாளிக்கலாம். ஏஜென்ட் வேண்டும் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கமிஷனைச் செலவு போக மிஞ்சியதில் கணக்கிட ஒப்பந்தம் போட முடியுமா என்று முதலில் கேளுங்கள். ஊர்களின் வரிசையையும் நீங்களே வரைபடத்தை விரித்துப் பாருங்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவே இரண்டு நாள் சும்மா போகிறது என்றால், அந்த இடைவெளியில் ஒரு சிறிய கூடத்தில் முந்நூறு பேருக்காவது பாடிவிடுவது நல்லது.