பழையபேட்டை டிடிபி கடையில் அச்சிட்ட ஒரு குறுநூல்

போர்முனையிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்ற, ஹவாயைச் சேர்ந்த அமெரிக்க அரசியல்வாதி டேனியல் இனோயேவின் வாழ்க்கையை 32 பக்கக் குறுநூலாக எழுதி, எங்கள் தெருவிலுள்ள முன்னாள் படைவீரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடி நாளன்று கொடுப்பதற்காக, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு டிடிபி கடையில் 100 படிகள் அச்சிட்டேன். நாள் பொருத்தமானதுதான்: 1941-இல் அதே டிசம்பர் 7 அன்று ஹவாயின் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது, 17 வயது இனோயே முதலுதவித் தொண்டராகக் காயம்பட்டோரிடையே ஓடிக்கொண்டிருந்தார்.

படி ஒன்றுக்கு 45 ரூபாய் ஆயிற்று. 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் எழுத்து மசியாமல் விழுந்திருக்கிறது. சென்டர் பின் மடிப்பில் பிசகாமல் அமர்ந்திருக்கிறது. யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றுகையில் கொம்புகள் இடம்மாறிய சொற்களை ஆபரேட்டர் தம்பியே கண்டு திருத்திவிட்டார்.

சிக்கல் அட்டைப்படத்தில் வந்தது. முகம் உள்நோக்கிப் பார்த்தால் பக்கம் எடுப்பாக இருக்கும் என்று அவர் படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தார். வேறொருவர் படமாக இருந்தால் நானே கவனித்திருக்க மாட்டேன். 1945 ஏப்ரல் 21 அன்று இத்தாலியின் சான் தெரென்சோ அருகே இயந்திரத் துப்பாக்கி நிலைகளைத் தாக்கியபோது இனோயே இழந்தது வலக்கையை. அறுவை மருத்துவராகும் எண்ணத்தை விட்டு அவரைச் சட்டம் படிக்க வைத்ததும், 1959-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர் சாம் ரேபர்ன் வலக்கையை உயர்த்தச் சொன்னபோது இடக்கையை உயர்த்தி உறுதிமொழி ஏற்கச் செய்ததும் அந்த இழப்புதான். அச்சுக்கு முன் சரிபார்க்கத் தந்த புரூஃபிலோ அவர் இடக்கை இல்லாதவராக நின்றார். விவரம் சொன்னதும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் அன்று மாலைக்குள் அட்டையை மாற்றித் தந்தார். கூடுதல் தொகை கேட்கவில்லை.

எனக்கு வருத்தமானது வேறொன்று. புரூஃபில் நான் கையெழுத்திட்ட பிறகு, 'ஆட்சிப்பகுதிச் சட்டமன்றம்' என்பதைப் பிழையென்று எண்ணி, என்னைக் கேட்காமலே 'மாநிலச் சட்டமன்றம்' ஆக்கிவிட்டார்கள். இனோயே 1954-இல் ஹவாயின் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வானபோது ஹவாய் மாநிலமே அல்ல, மாநிலத் தகுதி பெறாத அமெரிக்க ஆட்சிப்பகுதி. 1959 ஆகஸ்ட் 21 அன்றுதான் அது 50ஆவது மாநிலமாயிற்று. அச்சான பிறகே கண்ணில் பட்டதால், 100 படிகளிலும் பேனாவால் அடித்துத் திருத்தினேன்.

இதற்காகக் கடைக்குத் தரும் ஐந்து மதிப்பெண்களில் ஒன்றைக் குறைக்கிறேன். பக்கங்களை நீங்களே அமைத்து பிடிஎஃப் ஆகக் கொண்டுபோனால் இத்தொல்லை இராது. அடுத்த 100 படிகளை அப்படித்தான் அங்கேயே கொடுத்திருக்கிறேன்.